1.2 கிலோ மடிக்கணினியில் வீடியோ எடிட்டிங் சரிவருமா?

தினமும் பையில் தூக்கிப் போகணும், வாரம் ஒரு வீடியோ எடிட் செய்யணும், 1.2 கிலோ மடிக்கணினி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோளுக்குப் போதும், எடிட்டிங்குக்குத்தான் யோசிக்க வேண்டும். என்னுடையதும் அதே எடைதான். எடிட் செய்ததை முழு வீடியோ கோப்பாக மாற்ற எக்ஸ்போர்ட் போட்டால் முதல் சில நிமிடம் பறக்கும். அப்புறம் விசிறி இரையும், விசைப்பலகையின் மேல்வரிசை சுடும், சூட்டைத் தணிக்க பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒல்லி உடம்பில் சூடு வெளியேற இடம் ஏது?

இந்த வகையில் பெரும்பாலும் ரேமை (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. அதனால் 8 ஜிபி வேண்டாம், 16க்குக் குறையாமல் எடுங்கள். கேமரா மெமரி கார்டைச் செருகும் கார்டு ரீடரும் அநேகமாக இருக்காது, அதற்காக ஒரு ஹப்பும் (கூடுதல் துளைகள் தரும் இணைப்புக் கருவி) பையில் ஏறும் (அந்த எடையை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்!).

1080பி (ஃபுல் எச்டி) சின்ன வீடியோ என்றால் தாராளமாக வாங்கலாம். அதைவிடத் துல்லியமான 4கே என்றால், அரை கிலோ கூடினாலும் கொஞ்சம் தடித்ததே மேல்.