தூக்க முடியாத ஷட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டோம். ஆறு மாதமாக அது கிரீச்சிடுகிறது. எழுபது வயதான என் மாமனாரால் அதைத் தூக்கவே முடிவதில்லை. வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை அவர் மாதந்தோறும், ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கச் சேனலில் ஊற்றி வருகிறார். ஷட்டரையே மாற்றிவிட வேண்டுமா?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சத்தம் சேனலில் இருந்து வருகிறது. கனம் ஸ்பிரிங்கில் இருந்து வருகிறது.

முதலில் கனத்தைப் பார்ப்போம். ஷட்டர் இறங்கும்போது மேலே தண்டில் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறி, ஏற்றும்போது அந்த விசையைத் திருப்பித் தந்து பாரத்தைத் தாங்குகிறது. ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, கையை முழுவதும் எடுக்காமல் பிடியை மட்டும் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். ஏறக்குறைய அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கீழே இழுத்துக்கொண்டு வந்தால் தளர்ந்துவிட்டது என்று பொருள். தளர்ந்த ஸ்பிரிங்கை முறுக்குவதும் மாற்றுவதும் ஷட்டர் மெக்கானிக்கின் வேலை. முறுக்கேறிய ஸ்பிரிங் கைநழுவினால் எலும்பை முறித்துவிடும் என்பதால், வீட்டில் யாரும் அதைக் கழற்ற வேண்டாம். அது சரியாகும் வரை மாமனாரைத் தனியாகத் தூக்க விடாதீர்கள்.

இனி சத்தம். மாமனார் அக்கறையோடு ஊற்றிய ஆயில்தான் இங்கே கெடுதல் செய்கிறது. ஆடிக் காற்றில் நம் தெருக்களில் பறக்கும் புழுதியெல்லாம் அந்த ஆயிலில் ஒட்டிச் சேனலுக்குள் கரிய களியாகப் படிந்துவிடும். அதில் சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள், உப்புத்தாளைப் போல நறநறக்கும். ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் பட்டைகளின் ஓரத்தை அது அராவிக்கொண்டிருக்கிறது. கிரீஸ் தடவினாலும் இதே கதைதான்.

ஸ்பிரிங் சரியான பிறகு ஷட்டரை முழுவதும் ஏற்றி, அடியில் உறுதியான முட்டுக் கொடுத்துவிட்டு, துணி சுற்றிய ஸ்குரூ டிரைவரால் இரண்டு சேனல்களையும் மேலிருந்து கீழ்வரை சுரண்டி எடுங்கள். பிறகு சிறிது டீசல் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சிலிக்கான் ஸ்பிரேயை மெல்லியதாக அடியுங்கள். டீசல் கையாளும் இடத்தில் நெருப்பு கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும், ஆடி முடிந்ததும் ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள்.

கீழ்ப்பட்டையையும் குனிந்து பாருங்கள். தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும்; துரு அங்கேதான் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்த பின் எனாமல் பெயிண்ட் அடியுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் மடிப்பில் மட்டும் பெயிண்டைத் தடிமனாக அப்ப வேண்டாம். அங்கே அது இறுகிவிட்டால் ஷட்டர் சுருளாது.

கேள்வி: எங்களுடையது மோட்டார் ஷட்டர். அதற்கும் இதே பராமரிப்புதானா?
– வாசகர், மேலூர்

பதில்: சேனலுக்கும் கீழ்ப்பட்டைக்கும் இதே முறைதான், ஆனால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். ஷட்டர் தரையைத் தொட்ட பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தால், நிற்கும் அளவைச் சரிசெய்ய மெக்கானிக்கை அழையுங்கள். குறுக்கே ஏதாவது இருந்தால் நின்றுவிடும் சென்சார் உங்கள் ஷட்டரில் இருந்தால், மாதம் ஒருமுறை இறங்கும் வழியில் காலி அட்டைப்பெட்டியை வைத்துச் சோதியுங்கள். பெட்டி நசுங்கினால், பழுது பார்க்கும் வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மின்தடையின்போது கையால் திறக்க உதவும் சங்கிலி அல்லது கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இன்றே காட்டி, ஆளுக்கு ஒருமுறை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.