நாட்டுப்புறப் பாட்டை ரீமிக்ஸ் செய்து கூட்டமாக ஆடினால் அதன் உயிர் போய்விடாதா? ஜப்பானின் யோசாகோய் நடனத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?

போகாது. ஆனால் அந்தப் பாட்டு எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையின் அசைவு ரீமிக்ஸிலும் இருக்க வேண்டும். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் படித்தபோது மாணவர் குழு ஒன்றில் சேர்ந்து, யோசாகோயின் அந்த ஊர் வடிவமான சோரானை நானும் ஆடியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

சோரான் புஷி ஹொக்கைடோவின் மேற்குக் கரை மீனவர்களுடைய பாட்டு. மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன், வசந்த காலத்தில் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். பெரிய வலையில் சிக்கிய மீனை நீளக் கழி பூட்டிய கைவலையால் அள்ளி அள்ளிப் படகில் கொட்ட வேண்டும். கை ஓயாமல் இருக்க ஒருவர் அடியெடுத்துப் பாடுவார், மற்றவர்கள் ‘சோரான், சோரான்’ என்றும் ‘தொக்கோய்ஷோ’ என்றும் குரல் கொடுப்பார்கள். நம் கடற்கரைகளில் ‘ஐலசா’ செய்யும் அதே வேலைதான். ஹெர்ரிங் வந்துவிட்டதா என்று கடற்காகத்தைக் கேட்டால், ‘நான் பறந்து போகிற பறவை, அலையைப் போய்க் கேள்’ என்று அது பதில் சொல்வதாக ஒரு அடி வரும். எனக்கு மிகவும் பிடித்த அடி அது. 1950களில் ஹெர்ரிங் வரத்து ஓய்ந்துபோனது. அதன்பின் படகில் பாட ஆளில்லை, மேடையில்தான் பாடினார்கள்.

தெருவில் ஆடும் வழக்கம் வந்தது தெற்கிலிருந்து. ஷிக்கோக்கு தீவிலுள்ள கோச்சி நகரில், போருக்குப் பின் சோர்ந்து கிடந்த ஊரையும் கடைவீதிகளையும் எழுப்ப 1954இல் யோசாகோய் விழாவைத் தொடங்கினார்கள். அதற்குப் பாட்டு அமைத்தவர் தகெமாசா எய்சாகு. அந்த ஊரின் பழைய பாட்டையே எடுத்து, ஆடுபவர்கள் கையில் நருகோவைக் கொடுத்தார். நருகோ என்பது வயலில் குருவி விரட்டப் பயன்பட்ட மரக் கிலுக்கு. பிற்காலத்தில் இளைஞர்கள் ராக், சாம்பா என்று தாளத்தை மாற்றியபோது அவர் தடுக்கவில்லை. என் கணக்கில் அவர் செய்த பெரிய காரியம் இதுதான். இன்றும் கோச்சியில் இரண்டே நிபந்தனைகள்தான் முக்கியம்: கையில் நருகோ இருக்க வேண்டும், இசையில் அவருடைய பாட்டின் ஒரு பகுதி எங்காவது வர வேண்டும். மற்றதெல்லாம் அந்தந்தக் குழுவின் விருப்பம்.

1991இல் கோச்சி விழாவைப் பார்த்த ஹொக்கைடோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அதைத் தான் படிக்கும் ஹொக்கைடோவுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். 1992 ஜூனில் ஹொக்கைடோவின் தலைநகர் சப்போரோவில் 10 குழுக்களோடு யோசாகோய் சோரான் தொடங்கியது. நருகோ அப்படியே வந்தது, பாட்டு மட்டும் சோரான் புஷி ஆனது.

சரி, ரீமிக்ஸில் எது நல்லது? நானே ஆடித் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. சோரானில் இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். ஆடும் படகில் நிற்பவனின் நிலை அது. கயிறு இழுப்பது, வலையால் அள்ளுவது, மீன் கூடையை முதுகில் சுமப்பது, அலை எழுவது என அசைவுகள் வரிசையாக வரும். தொடை தீயாக எரியும். அந்த நிலையில் ‘தொக்கோய்ஷோ!’ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் அடுத்த இழுவைக்குத் தெம்பு வருகிறது. பாட்டுக்குள் அந்தக் குரல் எதற்காக வைக்கப்பட்டது என்பது அப்போது உடம்புக்கே புரிந்துவிடும். டிரம்ஸும் மின்கிதாரும் இந்த இழுவையின் மேல் உட்கார்ந்தால் எவ்வளவு வேகம் வைத்தாலும் பாட்டு தாங்கும். இழுத்து விடுவதற்கான இடைவெளியே இல்லாமல் ஒரே சீராக இடிக்கும் கிளப் தாளம் வைத்து, நடுவில் விதிக்காக நாலு நொடி சோரான் ஒட்டும் இசைகளும் உண்டு. அவற்றில் எனக்கு ஒட்டுதல் வந்ததே இல்லை.

நருகோவும் அப்படித்தான். மணிக்கட்டை வெடுக்கென்று உதறினால் பலகையில் கட்டைகள் மோதி ‘சட்’ என்று ஒலிக்கும். தெரு முழுக்க ஆடுபவர்கள் ஒரே நொடியில் உதறும்போது அதுவே ஒரு தாளவாத்தியம். விவரம் தெரிந்த இசையமைப்பாளர் அந்த இடத்தில் டிரம்ஸை நிறுத்திவிடுவார். முன்னால் போகும் ஒலிபெருக்கி லாரியில் ஒருவர் மைக்கோடு நின்று குரல் கொடுப்பார், பின்னால் வருபவர்கள் பதில் குரல் கொடுப்பார்கள். படகில் அடியெடுத்துக் கொடுத்தவரின் இடம்தான் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இட்டோ தகியோ என்ற நாட்டுப்புறப் பாடகர் சோரான் புஷியை ராக் இசையோடு, ஷாமிசென் நரம்பிசை அதிரப் பாடினார். ஹொக்கைடோவின் வடமுனையிலுள்ள வக்கானாய் தெற்கு நடுநிலைப்பள்ளி அந்த இசைக்கு ஆடியது. வன்முறையால் தத்தளித்த பள்ளி அது. அந்தப் பிள்ளைகள் ஆடிய ‘நான்ச்சூ சோரான்’ இன்று ஜப்பான் முழுக்கப் பள்ளி விளையாட்டு விழாக்களில் ஆடப்படுகிறது. ஹெர்ரிங்கைக் கண்ணால் பார்த்திராத ஊர்களிலும் குழந்தைகள் வலை இழுக்கிறார்கள். ரீமிக்ஸ் இல்லாமல் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நீங்கள் ஆட நினைத்தால், முதலில் பழைய சோரான் புஷியை வாத்தியம் குறைவாகப் பாடியதாகத் தேடிக் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் ரீமிக்ஸைப் போட்டு, அதே இடத்தில் உங்களுக்கு மூச்சு வாங்க முடிகிறதா என்று ஆடிப் பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு இசையைத் தேர்ந்தெடுங்கள், எத்தனையோ இருக்கின்றன.