ஓட்ட ஆள் இருக்கிறதாம்!

கேள்வி: யாழ்ப்பாணத்தில், தென்மராட்சியில் கமம் செய்கிறேன். சொந்தமாக 3 ஏக்கர் வயல் இருக்கிறது. இந்தக் காலபோக (மாரி) நெல் விதைப்புக்கு முன் ஒரு ட்ராக்டர் எடுத்து, எங்கள் வயலையும் உழுது, ஊருக்கும் கூலிக்கு உழலாம் என்று யோசனை. லீசிங்கில் புதிது எடுப்பதா, கையிலுள்ள காசுக்குப் பழைய மசி பெர்குசன் ஒன்றை வாங்குவதா? ஓட்டுவதற்கு ஆள் பிரச்சினை இல்லை. மூத்தவன் வீட்டில்தான் நிற்கிறான், இந்த வருடம் ஏ.எல். (உயர்தர) சோதனை எடுக்கிறான்.

பதில்: தம்பி, புதிதா பழசா என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஏ.எல். எடுக்கிற பெடியன் வீட்டில் நிற்பது படிப்பதற்கு. உங்கள் பக்கம் உழவு ஆவணிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை போகும். ஏ.எல். சோதனை 2024இலும் 2025இலும் நவம்பரில்தான் தொடங்கியது. அவன் புத்தகமும் கையுமாக இருக்க வேண்டிய அதே கிழமைகளில் அவனை ட்ராக்டரில் ஏற்றிவிடப் பார்க்கிறீர்கள். மழை கண்டதும் ஊரே ஒன்றாகக் கூப்பிடும், இரவு பத்து மணிக்கும் லைட்டைப் போட்டு உழ வேண்டிவரும். அப்படி உழுதவன் விடிய ரியூசனில் போய் இருந்து என்ன செய்வான்? நித்திரைதான் கொள்வான்.

அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பான். அந்த வயதில் ட்ராக்டர் ஓட்டக் கசக்குமா! அதனால் அவன் சம்மதத்தை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.

தகப்பனுக்குப் பிள்ளை உதவத்தான் வேண்டும். வரம்பு கட்டட்டும், அரிவு வெட்டு நேரம் நெல் மூட்டை தூக்கட்டும். ஆனால் அவனுடைய சம்பளமில்லாத உழைப்பை நம்பிக் கடன்படுகிற உரிமை எந்தத் தகப்பனுக்கும் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் 3 ஏக்கரை இரண்டு தரம் உழுதாலும் சில நாளில் முடிந்துவிடும். உங்கள் பக்கத்து நெல் மழையை நம்பிய ஒரு போகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற கிளிநொச்சியைப் போலக் கோடையில் சிறுபோகம் கிடையாது. கூலி உழவும் அந்த இரண்டு மாதத்தோடு சரி. அறுவடைக்கு நெல் ஏற்ற இன்னும் கொஞ்ச நாள். லீசிங் கட்டுக்காசோ 12 மாதமும் கட்ட வேண்டும். இந்த ஓட்டையை அடைக்க எங்கள் ஆட்கள் எதில் இறங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய ட்ராக்டர் பிடிபட்டது, சாரதி கைது என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே. உங்கள் ட்ராக்டருக்குச் சாரதி யார்?

ஆகவே லீசிங்கில் புதிது வேண்டாம்.

பழசு என்றால், எஞ்சின் ஆறிக் கிடக்கும் நேரம் போய் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்கிறவர் முதலே சூடாக்கி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அது விறுவிறென்று இறங்கினால் ஹைட்ரோலிக்கில் செலவு இருக்கிறது. எஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அந்தப் புத்தகத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் கிடந்தால், அது நீங்கும் வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அதுவும் இந்த வருடம் இல்லை. இந்தக் காலபோகத்துக்கு வழக்கமாக வருகிற உழவுக்காரரையே கூப்பிடுங்கள். பெடியன் சோதனையை எழுதி முடிக்கட்டும். அதற்குள் ஒரு சாரதிக்கு என்ன சம்பளம் என்று விசாரித்து, அதையும் செலவில் போட்டுக் கணக்கை மறுபடி எழுதுங்கள். அப்போதும் கையில் மிஞ்சும் என்று தெரிந்தால் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த மசியைப் பார்க்கப் போங்கள். மூத்தவனைக் கூட்டிப் போக வேண்டாம்.