யோஹோவில் நாலுவழிச் சாலை: கருத்துக் கேட்பில் என்ன எழுதலாம்?

கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவுக்குள் ஓடும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையை நாலுவழியாக்குவது குறித்து, தேசியப் பூங்காக்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா மக்களிடம் கருத்துக் கேட்பதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: அண்ணா, வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

போதாது. இப்போதிருக்கும் இருவழிச் சாலையிலும் விலங்குகள் அடிபட்டுச் சாகத்தான் செய்கின்றன. பக்கத்து பான்ஃப் பூங்காவில் 1980களில் சாலையை அகலப்படுத்தத் தொடங்கியபோது 2.4 மீட்டர் உயர வேலியும் போட்டார்கள், கூடவே விலங்குகள் சாலையைக் கடக்கப் பாலங்களும், அதாவது விலங்குக் கடவைகளும் கட்டினார்கள், அதனால் வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. யோஹோவிலும் வேலியும் கடவைகளும் சாலையோடு சேர்ந்தே வர வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது என எழுதுங்கள்.

கேள்வி: கரடி பாலம் ஏறி வருமா? நம்பவே முடியவில்லை.

வரும், ஆனால் உடனே வராது. பான்ஃபில் 6 மேம்பாலங்களும் 38 கீழ்ப்பாலங்களும் இருக்கின்றன. கிரிஸ்லி எனும் பெரிய பழுப்புக் கரடிகள் அவற்றுக்குப் பழக ஐந்து வருடம் வரை ஆனது. கிரிஸ்லிக்கும் எல்க் எனும் பெரிய மானுக்கும் அகலமான, மேலே மண் கொட்டி மரமும் புதரும் வளர்த்த மேம்பாலம்தான் பிடிக்கிறது, கருங்கரடியும் மலைச் சிங்கமும் (பூமா) இடுக்கான கீழ்ப்பாலத்தைத் தேடிப் போகின்றன. அதனால் இரண்டு வகையும் கேளுங்கள்.

கேள்வி: வேலி மட்டும் போட்டால் செலவு மிச்சம்தானே?

காடு இரண்டு துண்டாகிவிடும். வேலி முடிகிற இடத்தில் விலங்குகள் சுற்றிக்கொண்டு சாலைக்கு வந்து அடிபடும். அடியில் தோண்டாதபடி கம்பிவலையை மண்ணுக்குள்ளும் புதைக்க வேண்டும், வேலியைத் தாண்டிச் சாலைப் பக்கம் மாட்டிக்கொண்ட விலங்கு மறுபடி காட்டுப் பக்கம் குதிக்க மண்மேடும் வேண்டும்.

கேள்வி: நாம் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்?

2019ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டுச் சட்டப்படி, மக்கள் சொன்னதையும் பழங்குடிகளின் உரிமையையும் அறிவையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்ய முடியும். அடிக்கடி அந்த வழியே போகிறவர் என்றால், கிக்கிங் ஹார்ஸ் ஆற்றோரம் எந்த வளைவில், எந்த மாதம், எத்தனை மணிக்கு விலங்கைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கடவையை எங்கே வைப்பது என்று யோசிப்பவருக்கு அது நேரடியாக உதவும்.

கேள்வி: ரயில் பாதை?

நல்ல கேள்வி. அதே பள்ளத்தாக்கில்தான் தண்டவாளமும் போகிறது, சிந்திய தானியத்தைத் தின்ன வரும் கரடிகள் ரயிலில் அடிபடுகின்றன. சாலை வேலி கரடிகளைத் தண்டவாளத்துப் பக்கம் தள்ளிவிடுமா, தள்ளினால் என்ன ஏற்பாடு என்று கட்டாயம் கேளுங்கள்.