வெளிநாடுகளைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது அவமரியாதையா?

சில பெயர்கள் அவமரியாதை, சில பெயர்கள் இல்லை. கேள்வி கேட்டவர், "ஆஸி, கிவி, யாங்கி, பாக்கி எல்லாமே பேச்சுச் சுருக்கம்தானே, அப்புறம் ஏன் ஒன்றுக்குச் சிரிக்கிறார்கள், இன்னொன்றுக்கு அடிக்க வருகிறார்கள்?" என்று விவரத்தில் எழுதியிருக்கிறார் (முறையே ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், அமெரிக்கர், பாகிஸ்தானியர்). அகராதியில் பொருள் தேடினால் இதற்கு விடை கிடைக்காது. அந்தப் பெயரை யார், யாரைப் பார்த்து, என்ன செய்துகொண்டே சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். சிட்னிக்காரர் கடை திறக்கும் நேரத்துக்கு இங்கே இன்னும் கோழி கூவியிருக்காது. அந்த இருட்டில் ஓமலூரிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் பைக்கில் வரும் புதுப் பையன்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே இந்தச் சந்தேகத்தைக் கேட்டுவிடுவார்கள். கிவி என்று எழுதலாமா, கோபித்துக்கொள்வார்களா?

நான் பதில் சொல்வதில்லை, திரையைக் காட்டிவிடுவேன். நியூசிலாந்துச் சம்பளப் பட்டியலில் வரிப் பிடித்தத்துக்குப் பக்கத்திலேயே 'கிவிசேவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்ம ஊர் பி.எஃப். மாதிரி ஓய்வுக்காலச் சேமிப்பு, 2007இல் அந்நாட்டு அரசே தொடங்கியது. அதற்கு முன்பே 2002இல் கிவிபேங்க் வந்துவிட்டது. கிவி என்பது முதல் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டுச் சிப்பாய்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். போர் முடிந்தும் ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் இங்கிலாந்தில் காத்துக் கிடந்தவர்கள், 1919இல் பல்ஃபர்டு முகாமுக்கு மேலே இருந்த சுண்ணாம்புக் குன்றின் சரிவில் பிரம்மாண்டமான கிவிப் பறவை ஒன்றை வெட்டி வைத்தார்கள். இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களிடம் போய் 'கிவி என்றால் தப்பா சார்' என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். (பழத்தை மட்டும் வெறும் கிவி என்று சொல்லாதீர்கள், திருத்துவார்கள். அவர்களுக்குக் கிவி என்றால் பறவை, இல்லையென்றால் ஆள்.)

ஆஸியும் இந்த ரகம்தான். அதே ஆஸிகள் இங்கிலாந்துக்காரர்களைப் 'பாம்' (Pom) என்று கிண்டலடிப்பார்கள், இரண்டு அணிகளும் மோதும் ஆஷஸ் கிரிக்கெட் தொடர் வந்தால் சத்தம் கூடும். இரண்டு பக்கமும் சமபலத்தில் இருந்து மாறி மாறி வாரிக்கொள்ளும்போது அது மாமன் மச்சான் கேலியோடு முடிந்துவிடுகிறது.

இப்போது பாக்கிக்கு வருவோம். நம் தினசரிகளில் இடம் போதாமல் 'பாக்.' என்று புள்ளி வைத்துத் தலைப்பு போடுவார்கள். அதில் ஒரு வன்மமும் கிடையாது, ஆஸ்திரேலியாவுக்கு 'ஆஸி.' போடுவது மாதிரிதான். அதைப் படித்து வளர்ந்த எங்கள் பையன் ஒருவன், கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், இங்கிலாந்துப் பிரிவினரும் இருக்கும் பொதுக் குழுவில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டிவிட்டான். அழிப்பதற்குள் அங்கிருந்து போன் வந்துவிட்டது. பேசியவர் அங்குள்ள மேலாளர் அம்மா. பாகிஸ்தானியர் அல்ல, குஜராத்திக் குடும்பம். "நான் பள்ளிக்கூடம் போகும்போது கல்லோடு சேர்ந்து வந்த சொல் இது" என்றார். பையனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவன் நினைத்தது ஒரு கிரிக்கெட் அணியை மட்டும்தான்.

அந்த அம்மா மிகைப்படுத்தவில்லை. 1960களின் கடைசியிலிருந்து பிரிட்டனில் தெற்காசியர்களைத் தேடிப் பிடித்து அடிப்பதற்கென்றே கும்பல்கள் கிளம்பின. அந்த வேட்டைக்கே இந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருந்தார்கள். அடிப்பவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டா அடித்தான்? இந்தியர், வங்காளதேசத்தவர், இலங்கைத் தமிழர் என்று தோல் நிறம் பார்த்து எல்லாரையும் ஒரே பெயரில் சேர்த்தான். 1978 மே மாதம் கிழக்கு லண்டனில் அல்தாப் அலி என்ற வங்காளதேசத் தையல் தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அந்த இடத்துப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர். ஆக, நம் ஆட்கள் கிரிக்கெட் சண்டையில் பாகிஸ்தானியரைக் குத்துவதாக நினைத்து எடுத்து வீசுவது, நம்மையும் அடித்த கல்.

ஜப்பானியரைக் குறிக்கும் 'ஜாப்' (Jap) என்பதும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். சுவரொட்டியிலும் கடை வாசலிலும் எழுதியிருந்தது அந்த மூன்றெழுத்துச் சொல்தான். ஜப்பானின் சுருக்கம்தானே என்று அதை அனுபவித்த குடும்பத்திடம் போய் வாதாட முடியுமா?

வெளிநாட்டுக் கதை போதும், ஏற்காட்டுக்கு வாருங்கள். ஏரிக்கரைப் பக்கம் கடைகளிலும் விடுதிகளிலும் வடகிழக்கிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். சுற்றுலா வருகிறவர் கூசாமல் "ஏய் சைனா, ஒரு பிளேட் மோமோ" என்பார். அந்தப் பையன் வைத்திருப்பது நம்முடைய அதே ஆதார் அட்டை. சைனா என்பது ஒரு நாட்டின் பெயர்தான், அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடுகிறது. இதைவிட மோசமான 'சிங்கி'யும் புழங்குகிறது. வடகிழக்குப் பழங்குடியினரை அப்படி இழிவாக அழைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 2012இல் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோமோ கேட்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

வெள்ளைக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தால் பரவாயில்லையா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். மலையில் அவர்கள் காப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து 'துரை' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டிருக்கிறோம், முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்களோ! அதிகாரத்தில் இருப்பவனைக் கேலி செய்வதும் கூலிக்கு வந்தவனைக் கேலி செய்வதும் ஒன்றாகாது என்பது என் கட்சி.

வேலை இடத்தில் நான் சொல்லிக்கொடுப்பது சுலபம். மின்னஞ்சலில் நாட்டின் முழுப் பெயரை எழுது, இரண்டு எழுத்து மிச்சம் பிடித்து யாரும் பணக்காரராகப் போவதில்லை. பேச்சில் அவரே 'நாங்கள் கிவிகள்' என்று ஆரம்பித்தால் நீயும் சொல். யாங்கியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நமக்கு அமெரிக்கர் எல்லாரும் யாங்கி. அமெரிக்காவின் தெற்கே போனால் அது வடக்கத்தியானைக் குறிக்கும் சொல். டெக்சாஸ்காரரைப் பாசமாக அப்படி அழைத்துப் பாருங்கள், அவருக்கு வடக்கோடு தெற்கு மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் ஞாபகம் வந்துவிடும்.