சரிவு நிலத்தில் சமதளம்: கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டுக்குப் பின்னால் நாலு நாற்காலி போட்டு உட்கார இடம் வேண்டும், நிலமோ சரிவு. உச்சிப்புளி முதல் ஏர்வாடி வரை பல பேர் இதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். நம் ராமநாதபுரம் கடலோர மணலில் பல வருடமாகக் கட்டு வேலை பார்ப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உச்சிப்புளி: அண்ணே, 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் தளம் வேண்டும். அந்த 12 அடிக்குள் தரை 2 அடி இறங்குகிறது. தாழ்ந்த பக்கம் சுவர் வைத்து முழுக்க மண் நிரப்பலாமா?

நிரப்பலாம் தம்பி, ஆனால் 240 கன அடி மண் வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அமுக்கியது போக மூன்று யூனிட்டாவது இறக்க வேண்டியிருக்கும். சுவரும் 2 அடி நிற்க வேண்டும். அதற்குப் பதில் மேட்டுப் பக்கம் பாதியை வெட்டிப் பள்ளத்துப் பக்கம் போடுங்கள். நிரப்ப வேண்டியது 60 கன அடியாகக் குறையும், அதுவும் உங்கள் மண்ணே. சுவர் 1 அடி போதும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி மட்டும் வெட்டாதீர்கள். 3 அடி தள்ளி, இரண்டு படி வைத்து இறங்குங்கள்.

வெட்டிய பாதி அசையாது, நிரப்பிய பாதி கொஞ்சம் அமுங்கும். மேலே கான்கிரீட் போட்டால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். பேவர் பிளாக் போட்டுக்கொண்டால், அமுங்கிய இடத்தில் கல்லைத் தூக்கி மணல் போட்டுத் திரும்பப் பதித்துவிடலாம்.

தங்கச்சிமடம்: திமிசுக் கட்டையால் இடித்துப் பார்த்தோம், மணல் இறுகவே இல்லை.

காய்ந்த மணலை இடித்தால் பக்கவாட்டில் ஓடும். 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு, வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரத்தை ஓட்டுங்கள். மேலே 4 அங்குலம் கிராவல் போட்டு அதையும் இறுக்குங்கள். ஓரத்தில் சுவரோ கல்லோ பிடித்து நிற்காவிட்டால் எந்த மணலும் இருந்த இடத்தில் இருக்காது.

கீழக்கரை: போன ஐப்பசி மழையில் எங்கள் தடுப்புச் சுவர் வெளியே சாய்ந்துவிட்டது. சிமெண்டு குறைச்சலா?

சிமெண்டைக் குறை சொல்லாதீர்கள் காக்கா. சுவரில் துளை விட்டிருந்தார்களா என்று பாருங்கள். பெரியபட்டினத்தில் ஒரு வீட்டுக்கு நானே துளை வைக்காமல் 3 அடிச் சுவர் எழுப்பினேன். ஒரே இரவு மழை, காலையில் சுவர் ஒரு கை அளவு சாய்ந்து நின்றது. மணலுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சுவரைத் தள்ளியிருந்தது. இடித்து, என் செலவில் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சுவருக்கு நூல் கட்டும் முன்பே தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

5 அடிக்கு ஒன்றாக, தரைக்குச் சற்று மேலே, இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டு வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி கொட்டுங்கள். ஜல்லிக்கும் மணலுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி வேண்டும். துணி இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் புகுந்து, துளை வழியாகவே கொட்டிப் போகும், தளம் குழியாகும். கருங்கல் சுவர் 3 அடி உயரமென்றால் அடியில் ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும். 4 அடிக்கு மேல் போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மண்டபம்: தளத்தில் தண்ணீர் ஓட வாட்டம் எவ்வளவு விடலாம்?

10 அடிக்கு 2 அங்குலம், வீட்டை விட்டு விலகி. ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம், நீளத்துக்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான் சரி. டியூபுக்குள் காற்றுக் குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்: கடல் மணலும் கிணற்று உப்புத் தண்ணீரும் கலவைக்கு ஆகுமா? பவளக்கல் மலிவாகத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்குங்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கணக்குப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கம்பி இல்லாததற்கு 2000 வரை போகலாம். முடிந்தவரை கம்பி இல்லாத வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பவளக்கல்லைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் அதை வைத்து வீடே கட்டினார்கள், உண்மைதான். ஆனால் 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பாறைதானே அலையைத் தடுத்து நம் கரையைக் காக்கிறது, மீனுக்கும் அதுதானே வீடு.

அரியமான் பக்கம்: கடலிலிருந்து 150 மீட்டரில் எங்கள் இடம். மணல்மேட்டைத் தட்டிச் சமமாக்கலாமா?

வேண்டாம் அக்கா. அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மணல்மேட்டை மாற்றக் கூடாது என்று கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. புயல் அலை வந்தால் உங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்பது அந்த மேடுதான். அதன் மேல் இருக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். உட்கார இடம் மேட்டுக்குப் பின்னால், வீட்டை ஒட்டி இருக்கட்டும். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் முகத்தில் மணலும் அடிக்காது.

ஏர்வாடி: தளத்துக்கு நடுவே பெரிய வேம்பு நிற்கிறது. தூரைச் சுற்றி 2 அடி மண் ஏறும், பரவாயில்லையா?

மண் ஏற்றினால் தூர்ப் பட்டை அழுகும், வேருக்குக் காற்றும் போகாது. மரத்தைச் சுற்றி 4 அடி விட்டு ஒரு வட்டச் சுவர் எழுப்புங்கள். உள்ளே பழைய தரை மட்டம் அப்படியே இருக்கட்டும். அந்தச் சுவரின் தலையை 15 அங்குல அகலமாகக் கட்டினால் பத்துப் பேர் உட்காரலாம், நிழலும் இருக்கிறது.