முன்பல் மிதப்புக்கு எட்டு வயசிலேயே ஹெட்கியர் தேவையா?

மகளுக்கு 8 வயசு, மேல் முன்பல்லு மிதப்பு, யாழ்ப்பாணத்தில பாத்த வைத்தியர் ஹெட்கியர் (கழுத்திலயோ தலையிலயோ பட்டி கட்டி, வாய்க்குள்ள போற கம்பியால மேல் கடைவாய்ப் பல்லைப் பின்னுக்கு இழுக்கிற கருவி) போடச் சொன்னவர், கனடாவில இருக்கிற மச்சாள் "இப்ப ஆர் உதைப் போடுகினம்" எண்டு ஏசுறா, ஆற்ற கதையைக் கேக்கிறது எண்டு எழுதியிருக்கிறியள். மச்சாள் சொல்லுறது பாதி சரி. வளர்ந்த பிள்ளையளுக்கு இப்ப எலும்பில பூட்டுற சின்னத் திருகாணியளும் ட்வின் புளொக்கும் (கீழ்த்தாடையை முன்னுக்கு வைச்சுக் கடிக்கப் பண்ணுற, கழட்டிப் போடுற தட்டு) ஹெட்கியரின்ர வேலையைச் செய்யுது. ஆனா 8 வயசுத் தாடையெலும்பு திருகாணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற அளவுக்கு முற்றியிருக்காது.

முதல்ல ஒரு அடிமட்டம் எடுங்கோ. பிள்ளையைக் கடைவாய்ப் பல்லுப் பொருந்தக் கடிக்கச் சொல்லி, மேல்முன்பல் நுனியில இருந்து கீழ்ப்பல்லின்ர முன்பக்கம் வரைக்கும் கிடையா அளவுங்கோ. 2, 3 மில்லிமீற்றர் வழமை. 6ஐத் தாண்டி, சும்மா இருக்கேக்கயும் உதடு மூடாட்டி, விழுந்தால் முதல்ல அடிபடுறது அந்தப் பல்லுத்தான். சின்ன வயசிலேயே தொடங்கிறதுக்கு உறுதியான காரணம் அது ஒண்டுதான். அமெரிக்காவில வட கரோலினா, புளோரிடா பல்கலைக்கழகங்கள் ஹெட்கியரை வைச்சே செய்த ஆய்வுகளிலும், பல ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பாக்கிற கொக்ரேன் அமைப்பின்ர 2018 தொகுப்பிலும் வந்த முடிவு: முன்பல் உடையிறது குறையும், மற்றும்படி 12 வயசளவில தொடங்கின பிள்ளையும் கடைசியில அதே இடத்துக்குத்தான் வரும். பல் வைத்தியர்மார் என்னோட சண்டைக்கு வரவேண்டாம், வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணிப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரியுதெண்டால் அதுவும் ஒரு காரணந்தான்.

பிழை மறுபக்கமா இருந்தால், அதாவது கீழ்ப்பல்லு மேற்பல்லுக்கு முன்னால வந்து, மேல்தாடை பின்னுக்கு நிண்டால், கணக்கே வேற. நெத்தியிலயும் நாடியிலயும் தாங்கி வைச்சு, றப்பர் வளையத்தால மேல்தாடையை முன்னுக்கு இழுக்கிற முகமூடி 7 இலிருந்து 10 வயசுக்குள்ளதான் நல்லா வேலை செய்யும். அங்க பொறுத்துப் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது.

மிதப்புக்குப் போடுறது எண்டு முடிவெடுத்தால், கழுத்துப் பட்டியோ தலைப் பட்டியோ எண்டு கேளுங்கோ. கழுத்துப் பட்டி கடைவாய்ப் பல்லைப் பின்னுக்கு இழுக்கிறதோட கொஞ்சம் கீழுக்கும் இறக்கும். நீண்ட முகம், முன்பல்லு முட்டாத பிள்ளைக்கு அதைப் போட்டால் வாய் இன்னும் திறந்துபோகும். அவைக்கு உச்சந்தலைப் பட்டிதான். இழுவை ஒரு பக்கத்துக்கு 350 இலிருந்து 500 கிராம் வரை. முதல் கிழமை இதிலும் குறைவாத் தொடங்குவினம். மூண்டு நாலு நாள் கடைவாய் நோகும், சோத்தைக் குழையக் குடுங்கோ.

ஆகக் கவனம் வேண்டியது கழட்டிறதிலதான். போடேக்க உட்கம்பியின்ர ரெண்டு முனையையும் கடைவாய்ப் பல்லு வளையத்தில இருக்கிற குழாய்க்குள்ள விட்டிட்டு, பிறகு பட்டியைக் கொழுவ வேணும். கழட்டேக்க தலைகீழா: ரெண்டு பக்கப் பட்டியையும் விட்டபிறகுதான் கம்பி. பட்டி இழுத்துக்கொண்டிருக்கேக்க கம்பியை முன்னுக்கு இழுத்தால், கை தவறினதும் அது திரும்பி முகத்தில அடிக்கும். முனை கண்ணில குத்தினால் காயம் சின்னனாத் தெரிஞ்சாலும், வாய்க் கிருமி உள்ள போய்ப் பார்வையே போன பிள்ளையள் இருக்கினம். ஆகவே கூட இழுத்தால் தானாக் கழருற பட்டியும், நழுவாமல் பூட்டுற கம்பியும் இல்லாட்டி வாங்காதேங்கோ. போட்டுக்கொண்டு ஓடி விளையாடக் கூடாது. விடிய எழும்பேக்க கம்பி கழண்டு கிடந்தால் அண்டைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கோ.

ஒரு நாளைக்கு 12 இலிருந்து 14 மணித்தியாலம், தொடர்ச்சியா. நித்திரை நேரம் மட்டும் காணாது. பின்னேரம் ஆறரைக்குப் போட்டு விடிய ஆறரைக்குக் கழட்டினால் 12 வரும். ஆனா புலமைப்பரிசில் சோதினை எண்டு எட்டு வயசிலேயே இரவு எட்டு மணி வரைக்கும் ரியூசன் கொட்டிலில இருத்தி வைச்சால் எங்கால நேரம் வரும்? விளையாட்டும் இல்லை, நித்திரையும் இல்லை, இப்ப பல்லும் இல்லை. ரியூசனைக் குறைக்கேலாத வீடெண்டால் காசைக் கரியாக்காமல் 12 வயசு மட்டும் பொறுங்கோ.

எங்கட வெக்கைக்குக் கழுத்துப் பட்டிக்குக் கீழ வேர்க்குரு வரும். துணி உறை ரெண்டு வைச்சுக்கொண்டு மாத்தித் தோயுங்கோ. ஒவ்வொரு நாளும் கடைவாய்ப் பல்லு வளையத்தை விரலால மெல்ல அசைச்சுப் பாருங்கோ. ஆடினால் சிமெந்து விட்டுட்டுது, சாப்பாடு உள்ள போய் ஆறு வயசில முளைச்ச நிரந்தரப் பல்லு சூத்தையாகும். திருப்பி ஒட்டுமட்டும் போடாதேங்கோ. விரல் சூப்புற பழக்கம் இருந்தால் முதல்ல அதை நிப்பாட்ட வேணும்.

தொடங்க முதல், 12 வயசில திரும்பவும் கம்பி கட்டவேண்டி வருமோ, ரெண்டுக்கும் சேர்த்து எவ்வளவு முடியும் எண்டு பற்சீரமைப்பு நிபுணரிட்ட கேளுங்கோ. அனேகமா வரும்.